கார்த்திகையில் குழாயை மூடுங்கள்

வீட்டு மாமரம் காய்க்கவில்லை என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது, "துணி துவைக்கிற தண்ணி எந்தப் பக்கம் போகுது?" என்பதைத்தான். எதிர்முனையில் கொஞ்சம் தடுமாறுவார்கள். உரத்தைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அப்புறம் சொல்வார்கள்: "மரத்துக்குத்தாங்க விட்டிருக்கோம். வீணாப் போகக் கூடாதுன்னு."

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளி பக்கம் சந்தூர் எங்கள் ஊர். மாங்கன்று வாங்குகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாலையோரம் வரிசையாக நர்சரிகள். அப்பா ஒட்டு கட்டினார், நானும் கட்டினேன். இப்போது கன்று விற்பதைவிட, வாங்கிப்போன கன்று என்ன ஆயிற்று என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. ஓசூர், பெங்களூரு, சேலம், வேலூர் என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போகிறேன். தோப்புக்காரர்கள் என்னைக் கூப்பிடுவதில்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும். கூப்பிடுகிறவர்கள் ஒரு மரம், இரண்டு மரம் வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள்தான். அந்த மரங்களுக்கு ஊட்டம் குறைந்து நான் பார்த்தது அபூர்வம். கவனிப்பு அதிகமாகிப் போனதுதான் பாதிக்கு மேல்.

மா, கிளை நுனியில் பூக்கிற மரம். அறுவடை முடிந்து விடுகிற தளிர் முற்றிக் கரும்பச்சையாக வேண்டும். பிறகு இரண்டு மூன்று மாதம் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா கிடக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பில்தான் நுனி மொட்டு பூவாவதா, மறுபடி இலையாவதா என்று தீர்மானமாகிறது. மழை ஓய்ந்து மண் காய்ந்து, மார்கழிக் குளிரும் விழுந்தால் பூவாகும். காலடியில் ஈரமும் சாணமும் கிடைத்துக்கொண்டே இருந்தால் மரத்துக்குப் பூக்க வேண்டிய அவசியமே வராது. செந்தளிரை விட்டுக்கொண்டு பளபளவென்று நிற்கும். பார்க்கிறவர்கள் "என்ன செழிப்பு!" என்பார்கள்.

ஓசூரில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் வீட்டில் அப்படியொரு பங்கனப்பள்ளி. மாடி உயரத்துக்கு வளர்ந்து, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு நிழல். வைத்து வருஷக்கணக்காகியும் ஒரு பூ இல்லை. வாஷிங் மெஷின் குழாய் நேராக மரத்தடிக்கு வந்தது. அடுத்த பக்கத்தில் குளியலறைத் தண்ணீர். வாரம் ஒரு கூடை சாணம் வேறு.

"அம்மா, கார்த்திகை பாதிக்கு மேல இதுக்குச் சொட்டுத் தண்ணி ஆகாது. பிஞ்சு பட்டாணி அளவு வந்தப்புறம் விடுங்க, போதும்" என்றேன்.

"வாடிப்போச்சுன்னா, தம்பி?"

"வாடாதுங்க. இந்த வேர் உங்க போர்வெல்லுக்கே பங்கு கேக்கும்."

அவருக்கு மனசே வரவில்லை. வாஷிங் மெஷின் குழாயை மட்டும் வாழைக்குத் திருப்பினார். குளியலறைத் தண்ணீரைத் திருப்பக் கொத்தனார் வேண்டும், அவர் வரவில்லை. தை மாதம் போய்ப் பார்த்தால் வாழைப் பக்கம் திருப்பிய பாதியில் கிளைக்குக் கிளை பூங்கொத்து, குளியலறைப் பக்கம் வழக்கம்போல் செந்தளிர். ஒரே மரம். நான் பேசிப் புரிய வைக்க முடியாததை அந்த மரமே அவருக்குச் சொல்லிவிட்டது. மறுவாரம் கொத்தனாரை அவரே தேடிப்போய் அழைத்துவந்தார்.

காய்க்காத மரத்துக்கு ஊரில் வேறு வைத்தியங்களும் உண்டு. அரிவாளைக் காட்டி "இந்த வருஷம் காய்க்கலேன்னா வெட்டிருவேன்" என்று மிரட்டுவது ஒன்று. அதனால் கெடுதல் இல்லை, மிரட்டிவிட்டுத் தண்ணீரையும் நிறுத்தினால் நல்லது. ஆணி அடிப்பது இன்னொன்று. அடிக்கவே கூடாது. ஒரு பலனும் இல்லை என்பதோடு, காயம் பட்ட பட்டையில்தான் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டை வைக்க வரும். கிளையைச் சுற்றி மெல்லிய வளையமாகப் பட்டை சீவுகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. இலை சமைத்த சாப்பாடு வேருக்கு இறங்காமல் மேலேயே தங்கிப் பூவுக்கு உதவும். ஆனால் கத்தி ஆழமாக இறங்கினால் கிளை போய்விடும். வீட்டுக்கு வேண்டாம். தோப்புகளில் வேருக்கு ஊற்றுகிற பக்லோபியூட்ரசால் மருந்தைக் கேட்டு வருகிறவர்களுக்கும் இதே பதில்தான். குத்தகைக்காரர் அவசரத்துக்கு ஊற்றுவார். வீட்டுக்காரருக்கு என்ன அவசரம்?

கன்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாதிக் கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எங்கள் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைய. சீசனில் அங்கிருந்து கொட்டை வரும். மாங்கொட்டையைக் காயவைத்து அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைக்க முடியாது, சில வாரத்திலேயே உயிர் போய்விடும். வந்த கையோடு, கூன் முதுகு மேலே இருக்கும்படி பாத்தியில் பதிய வேண்டும். முளைத்து வருவது செம்பு நிறத்தில் இருக்கும். நம் நாட்டு ரகங்களில் பெரும்பாலானவற்றில் கொட்டையிலிருந்து வரும் செடி தாயைப்போல் இருக்காது. அதனால்தான் ஒட்டு.

அப்பா காலத்தில் நெருக்கு ஒட்டு. பரண் கட்டி, தொட்டிச் செடியைத் தாய்மரத்தின் கிளைவரை தூக்கிவைத்து, இரண்டையும் சீவிச் சேர்த்துக் கட்டி, ஒட்டும்வரை அங்கேயே தண்ணீர் ஊற்ற வேண்டும். இப்போது இளந்தண்டு ஒட்டு. காய்த்துக்கொண்டிருக்கும் தாய்மரத்தில் பென்சில் கனத்துக் குச்சியைப் பார்த்து வைத்துக்கொள்வோம். வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் இலைகளைக் காம்பு மட்டும் விட்டு நறுக்கிவிடுவோம். நுனி மொட்டு பருத்து, வெடிக்கப்போகிற பதத்துக்கு வரும். காம்பைத் தொட்டால் தானாக உதிர வேண்டும். அதுதான் பதம். கீழ்ச்செடியின் தலையை வெட்டி, நடுவில் இரண்டங்குலம் நேர்க்கோடாகப் பிளப்போம். குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பாகச் சீவிப் பிளவில் இறக்குவோம். கத்தி ஒரே இழுப்பில் போக வேண்டும், இரண்டாம் முறை தொட்டால் சீவின முகத்தில் மேடு விழும். தண்டுகள் ஒரே கனமாக இல்லாவிட்டால் ஒரு பக்கப் பட்டையாவது பட்டையோடு பொருந்த வேண்டும். பாலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலே இறுக்கிச் சுற்றி, தலைக்கு மேல் நீளமான ஐஸ் கவரைத் தொப்பியாகப் போட்டுவிடுவோம். உள்ளே ஈரம் நிற்கும். ஆடி, ஆவணியில் காற்றில் ஈரம் இருக்கும்போது கட்டினால் நிறையப் பிழைக்கும். சித்திரையில் கட்டினால் பாதிக் குச்சி கருகும்.

வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்த நாடா. ஒட்டு சேர்ந்தபின் அதை அறுத்துவிட வேண்டும். நர்சரியில் சில சமயம் விட்டுப்போகும். மூன்று வயது மரத்தின் கழுத்தில் நாடா புதைந்து, மேலே பருத்து, கீழே சூம்பிப்போய்க் காற்றில் ஒடிந்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது. அது கொட்டைச் செடியின் துளிர், மேலே இருப்பதைவிட வேகமாக வளரும். "கன்னு நல்லாப் பிடிச்சிருச்சு, ரெண்டு கிளை விட்டிருக்கு" என்று சந்தோஷப்படுவார்கள். இரண்டு வருஷத்தில் அது மேல்குச்சியை அமுக்கிவிடும். பிறகு கொட்டைப் பருப்பளவு சதையோடு ஒரு புளிப்புக்காய் காய்க்கும்போது, "மல்கோவான்னு சொல்லி ஏமாத்திட்டீங்களே அண்ணே" என்று போன் வரும்.

எந்த ரகம் வைப்பது என்று கேட்டால் நான் ரகத்தைச் சொல்வதற்கு முன், வீட்டில் எத்தனை பேர், ஊறுகாய் போடுவீர்களா என்று விசாரிப்பேன். எல்லோருக்கும் இமாம்பசந்த் வேண்டும். திருச்சிப் பக்கம் அதற்கு இருக்கும் மதிப்பே தனி, ருசியில் நானும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒற்றை மரமாக வீட்டில் வைத்தால் அது பெரிய இடத்துச் சம்பந்தம் போலத்தான்: பேர் பெரிதாக இருக்கும், வரவு எப்போது என்று சொல்ல முடியாது. மல்கோவாவும் அப்படித்தான், ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஓய்வு. வருஷம் தவறாமல் காய்ப்பது நீலமும் பெங்களூராவும். பெங்களூராவை எங்கள் பக்கம் கிளிமூக்கு என்போம். பழமாக யாரும் கொண்டாடுவதில்லை, ஆனால் உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்ன அதைப்போல் காய் இல்லை. எங்கள் ஆலைகளில் கூழாவதும் பெரும்பாலும் அதுதான். செந்தூரா சீக்கிரம் காய்க்கும், சீசனில் முதலில் வரும். நீலம் கடைசியில் வரும். இந்த இரண்டும் இருந்தால் கோடை முழுக்க ஏதாவது ஒன்று பழுத்துக்கொண்டிருக்கும். இடம் குறைவு என்றால் அம்ரபாலி. தசேரியையும் நீலத்தையும் கலந்து டெல்லியில் உருவாக்கியது, மரம் குட்டை, கொத்தாகக் காய்க்கும், ஒவ்வொரு வருஷமும் காய்க்கும். எங்கள் மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்த பையூர் 1-உம் குட்டை மரம்தான், ஏனோ அதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு.

குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டு மனையில் தோண்டினால் என்ன வரும் என்பதுதான் வேறு. கட்டடம் கட்டும்போது புதைத்த சிமெண்ட் கட்டி, சுண்ணாம்பு, ஓட்டுத் துண்டு, பெயின்ட் டப்பா எல்லாம் வரும். அதையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு நல்ல செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் இலை வெளிறிப்போய் நிற்கும், மேலே எதைத் தெளித்தாலும் தேறாது. சுவரிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் பதினைந்தடியாவது தள்ளி வையுங்கள். ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். காய்த்த மரத்துக் குச்சி என்பதால் முதல் வருஷமே பூக்கும். ஆசையாகத்தான் இருக்கும், ஆனாலும் மூன்று வருஷத்துக்குப் பூவைக் கிள்ளிவிடுங்கள். அந்த வயதில் கோடைக்குத் தண்ணீர் தாராளமாக விடலாம். நான் சொல்கிற பட்டினி காய்ப்புக்கு வந்த மரத்துக்குத்தான்.

மொட்டை மாடியில் டிரம்மில் வளர்ப்பவர்களுக்கு அதுவும் பொருந்தாது. என் பேச்சை எங்கோ கேட்டுவிட்டு டிரம் செடியைக் கார்த்திகையில் காயப்போட்டுக் கொன்றவர்கள் இருக்கிறார்கள். டிரம்மில் வேருக்கு ஓட இடமில்லை, அந்த நெருக்கடியே அதைப் பூக்க வைத்துவிடும். தாய்லாந்து ரகங்கள் வருஷத்தில் இரண்டு மூன்று தடவைகூடப் பூக்கின்றன. அங்கே தினமும் விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்தால் ஊற்றத்தான் வேண்டும்.

கன்று இடுப்பளவு வந்ததும் தலையை வெட்டுங்கள் என்றால் வீட்டுக்காரர்களுக்கு முகம் வாடிவிடும். வெட்டினால் மூன்று நான்கு கிளை வரும், அதையும் முற்றியபின் நுனி வெட்டினால் ஒவ்வொன்றிலும் மறுபடி இரண்டு மூன்று. நுனிதான் பூ என்று சொன்னேன் இல்லையா, நுனி பெருகினால் பூ பெருகும், மரமும் கைக்கு எட்டும். முன்பு மரம் ஏறப் பையன்கள் இருந்தார்கள். இப்போது அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன்கூட ஏற மாட்டார். எட்டாத உயரத்தில் காய்ப்பதெல்லாம் அணிலுக்கும் வௌவாலுக்கும்தான். வெட்டுவதற்கான நேரம் அறுவடை முடிந்த கையோடு, ஆடி ஆவணிக்குள். ஐப்பசியில் வெட்டினால் அந்த வருஷப் பூவையே வெட்டுகிறீர்கள். உரமும் அப்போதுதான், அடிமரத்தில் கொட்டாமல் கிளைகளின் நுனிக்கு நேர்கீழே வட்டமாகப் பறித்து இட வேண்டும். உறிஞ்சுகிற வேர் அங்கேதான் இருக்கிறது.

பூ வந்த பிறகு வருகிற பயம் வேறு. "ஐயோ, எல்லாம் கொட்டுதே!" ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ, அதில் பெரும்பாலும் ஆண் பூ. நூற்றில் ஒன்றுகூடப் பழமாகாது, அதுதான் இயல்பு. கொட்டுகிற பிஞ்சை உப்பில் போட்டு வடுவாக்குங்கள். பயப்பட வேண்டியது தத்துப்பூச்சிக்கு. பூத்த மரத்தடியில் நடந்தால் இலைமேல் தூறல் விழுகிற சத்தம் கேட்கும், அவை குதிக்கிற சத்தம் அது. பூச்சாற்றை உறிஞ்சிக் கசிய விடும் தேனால் இலையெல்லாம் பிசுபிசுத்து, அதன்மேல் கரும்பூசணம் படரும். அடர்ந்து இருண்ட மரத்தில்தான் இது குடியிருக்கும். உள்ளே வெயில் விழும்படி கவாத்து செய்த மரத்தில் பாதி குறைந்துவிடும். பூ விரியும் முன் வேப்பெண்ணெய்க் கரைசலும், வெள்ளையாகச் சாம்பல் நோய் தெரிந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராமும் போதும். பூ விரிந்தபின் விஷமருந்து அடிக்கிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் ஈக்கள்தான், அவற்றைக் கொன்றுவிட்டுக் காய் வேண்டும் என்றால் எப்படி?

தண்டுத் துளைப்பானை மருந்தடித்துப் பிடிக்க முடியாது. அடிமரத்தில் ஓட்டையும், அதன்கீழே மரத்தூளும் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விடுவேன். மரம் தட்டுப்படும், தட்டுப்படும், திடீரென்று மெத்தென்று ஒன்று இடிக்கும். திருகி இழுத்தால் விரல் நீளத்துக்கு வெள்ளைப் புழு, தலை மட்டும் பழுப்பு. எடுத்தபின் ஓட்டையைக் களிமண்ணால் அடைத்துவிடுவேன். தோப்பில் இதற்கு நச்சுவாயு மாத்திரை போடுகிறவர்கள் உண்டு. குழந்தைகள் விளையாடுகிற வீட்டில் அதை உள்ளேயே கொண்டுவர விடமாட்டேன்.

பழ ஈக்கு, கீழே விழுந்ததை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைப்பதுதான் முதல் வேலை. மெத்தில் யூஜினால் பொறி ஆண் ஈக்களை இழுக்கும், அதுவும் ஒன்று தொங்கட்டும். நீலத்தைப் பிளந்தால் கொட்டைக்குள்ளிருந்து கறுப்பு வண்டு எழுந்து நடப்பது பலருக்குத் தெரிந்த அனுபவம்தான். அது பிஞ்சிலேயே புகுந்தது. சதைக்கு ஒன்றும் ஆகாது, தைரியமாகச் சாப்பிடலாம்.

பறிக்கிற பதம் தெரிந்துகொண்டால் வீட்டு மரத்துக்கு ஈடு இல்லை. வியாபாரி விலை இருக்கும்போது பறித்துவிடுவார், பச்சையாகப் பறித்ததைக் கல் வைத்துப் பழுக்க வைப்பார்கள். கார்பைடு கல்லுக்கு 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே தடை இருக்கிறது. 2016 முதல் எத்திலீன் வாயுவுக்கு அனுமதி கொடுத்தபிறகும் கல் முழுதாக ஒழியவில்லை. வீட்டில் காத்திருக்கலாம். காம்பைச் சுற்றித் தோள் எழும்பிக் காம்பு பள்ளத்தில் அமர வேண்டும். தண்ணீரில் போட்டால் முங்க வேண்டும். மரத்திலேயே ஒன்றிரண்டு பழுத்து விழ வேண்டும். அப்போது அலக்கில் வலை கட்டி, இரண்டு விரற்கடை காம்போடு பறித்து, தலைகீழாகச் சாய்த்துப் பாலை வடியவிடுங்கள். பால் தோலில் ஓடினால் அந்த இடம் கருத்துவிடும், உங்கள் கையில் பட்டாலும் கொப்புளம் வரும். பிறகு வைக்கோல் போதும்.

பழைய கொட்டை மரம் இருக்கிற வீடுகளில் வெட்டிவிடலாமா என்று கேட்பார்கள். வேர் நன்றாக இருந்தால் வெட்ட வேண்டாம், தலையை மாற்றலாம். பெரிய கிளைகளை அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை தடவி, இலையோடு ஒரு கிளையை மட்டும் மூச்சுக்கு விட்டுவைப்பேன். வெடித்து வருகிற துளிர்களில் திடமானவற்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளி, பதம் வந்ததும் வேண்டிய ரகத்தை ஒட்டுவேன். லக்னோ பக்கத்தில் மலிஹாபாத்தில் ஹாஜி கலீமுல்லா கான் ஒரே மரத்தில் 300-க்கும் மேற்பட்ட ரகங்களை ஒட்டியிருக்கிறார், 2008-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அது அவருடைய கைக்கும் பொறுமைக்கும். வீட்டுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பேன். வேகமான ரகம் மெதுவான ரகத்தை மூடிவிடும்.

சேலத்தில் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது, நடுச்சுவர் போட வேண்டிய இடத்தில் அவர்கள் தாத்தா வைத்த மரம் நின்றது. சுவரை வளைத்துக் கட்டினார்கள், மரத்தை என்னிடம் விட்டார்கள். அண்ணன் பக்கம் பங்கனப்பள்ளி, தம்பி பக்கம் செந்தூரா. நான் பயந்தபடியே பங்கனப்பள்ளி சுவர் தாண்டிப் பரவி, செந்தூராவுக்கு வெயில் இல்லாமல் செய்துவிட்டது. ஒவ்வொரு ஆடியிலும் போய் அண்ணன் பக்கத்தை வெட்டிவிட்டு வருகிறேன். "தம்பிக்காக என் மரத்தை வெட்றதுக்கு நானே காசு கொடுக்கணுமா, நல்லா இருக்கே" என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார், கேட்டுவிட்டு முழுக் கூலியையும் அவரே கொடுக்கிறார்.